70 கொண்டை ஊசி வளைவும் ஒழுகும் ஒரு டேப்பும்

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், பெட்ரோல் வாடை போகவில்லை. மோர் சாதத்தில்கூட அந்த வாசம்தான். கொல்லிமலைக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் கரூர் திரும்பினேன். வழி, செலவு, பார்க்க வேண்டிய இடங்கள் என்று வரிசையாக எழுதலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பேடும் பெட்ரோலில் நனைந்துவிட்டது. அதனால் நினைவில் மேலே நிற்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி அப்பா ஓட்டிய பழைய 100 சிசி. இன்ஜெக்‌ஷன் எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் வைத்த வண்டி. இரண்டு நாளைக்கு பட்ஜெட் 1,500 ரூபாய். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி நாமக்கல்லில் 500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது. நான் எப்போதும் ரிசர்வில் வைத்தே ஓட்டுகிறவன். டேங்கில் பெட்ரோல் தாராளமாக இருக்கிறதே என்ற குஷியில், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பின், வருஷக்கணக்கில் அசையாத கைப்பிடியை நறுக்கென்று ஆன் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் திரும்பியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அதுவரை சொல்ல எதுவும் இல்லை. காரவள்ளியில்தான் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. இருபதைத் தாண்டியதும் மூக்கில் ஏறியது வாடை. முன்னால் போகிற வண்டியாக இருக்கும் என்று நினைத்தேன். முன்னால் வண்டியே இல்லை. இடது காலணி ஜில்லென்று இருந்ததும் குனிந்து பார்த்தேன். டேப் கைப்பிடியின் முகத்திலிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் அது சொட்டுகிற சத்தம் காசு விழுகிற சத்தம் மாதிரியே கேட்கிறது.

நல்லவேளையாக டேப் இடது பக்கம், சைலன்சர் வலது பக்கம். ஆனாலும் சொட்டு விழுவது சூடான என்ஜின் மேல்தான். வண்டியை நிறுத்தி டேப்பை ஆஃபில் வைத்தேன். அப்போதும் சொட்டியது. இது எனக்குப் புதுசு. ஆஃப் செய்தால் நிற்க வேண்டாமா? காரணம் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆஃபில் வைத்தால் கார்புரேட்டருக்குப் போகிற வழி மட்டும்தான் அடைபடும். டேங்கிலிருந்து இறங்குகிற பெட்ரோல் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் வரைக்கும் எப்போதும் வந்து நிற்கும். வாஷர் போனால் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

அங்கே தொடங்கியது என் கைவைத்தியம். முதலில் சோப்பு. டேங்க் ஓட்டைக்குத் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள் என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். சோப்பு பெட்ரோலில் கரையாது, அது உண்மைதான். பையிலிருந்த குளியல் சோப்பைக் கைப்பிடியைச் சுற்றி அப்பினேன். நின்றது! எனக்கே கர்வமாக இருந்தது. ஐந்து வளைவு போனதும் மறுபடி சொட்டு. அசையாத தகட்டு ஓட்டைக்குச் சோப்பு சரி, அசைகிற கைப்பிடிக்கு எங்கே நிற்கும்? வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை கிடைத்தது, 20 ரூபாய். பெட்ரோல் ஈரம் பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. விரலில்தான் ஒட்டியது.

மூன்றாவதாகச் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, டேப்புக்குக் கீழே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சொட்டுகிறதைப் பிடித்துத் திரும்ப டேங்கில் ஊற்றிவிடலாம் என்ற கஞ்சத்தனம். சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் திறந்த பாட்டிலில் பெட்ரோல். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியே சோளக்காட்டைத் தாண்டி செம்மேடு போய்ச் சேர்ந்தேன். அங்கே குதிரையில், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி சிலை. அதற்கு நேராக நின்று ஒரு பட்டறையைத் தேடினேன். கிடைத்த பட்டறைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டேப்பு மொத்தமா மாத்தணும். கீழேருந்து பஸ்ல வரணும். எல்லாம் சேர்த்து 850 ஆகும். நாளைக்கு வாங்க." பட்ஜெட்டில் பாதிக்கு மேல்! அதோடு ஒரு ராத்திரி அறை வாடகை தனி. பழுது எங்கே என்று பார்க்காமலேயே விலை சொல்கிறவரிடம் எனக்குப் பேச்சே எழவில்லை. "சரிங்கண்ணா, யோசிச்சுட்டு வரேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன்.

பசி வேறு. ரோட்டோரத்தில் ஒரு அக்கா முடவாட்டுக்கால் சூப் விற்றுக்கொண்டிருந்தார். பாறையில் படர்கிற செடியின் கிழங்கு அது. மேலெல்லாம் ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, தட்டி, மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். முதல் வாய் தொண்டையில் காரமாக இறங்கியது, இரண்டாவது வாயில் கண்ணில் நீர். ஆட்டுக்கால் ருசி அப்படியே இருக்கிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மிளகு ருசிதான் தெரிந்தது, அதுவும் கொல்லிமலை மிளகு. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு டம்ளர் 30 ரூபாய். இரண்டு குடித்தேன். அந்த நாளில் மனசார கொடுத்த முதல் காசு அதுதான்.

"என்னங்க தம்பி, மேலெல்லாம் பெட்ரோல் நாத்தம்?" என்றார் அக்கா. சொன்னேன். "சோளக்காட்டுல சந்தைக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேர் பண்ணுவாருங்க. அவருகிட்ட காட்டுங்க." வண்டி ரிப்பேருக்கு ஸ்பிரேயர்காரரா? போகிற வழியில் பார்த்தும் பார்க்காமல் வந்த ஊருக்கே திரும்ப உருட்ட வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒழுகுகிற வால்வும் தேய்ந்த வாஷரும்தானே அவருக்கு தினசரி வேலை.

பெரியவர் முதலில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "தீ வச்சுக்கறதுக்கு இத்தனை தூரம் வரணுமா தம்பி?" அவ்வளவுதான் திட்டு. பாட்டிலை அவரே அறுத்துத் தூரப் போட்டார். வண்டியை நிழலில் நிறுத்தி என்ஜின் ஆறும்வரை தொடவே இல்லை. பீடியையும் தள்ளிப்போய்க் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. டேப்பைத் துணியால் துடைத்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழேயிருந்த திருநீற்றைக் கிள்ளி எடுத்து டேப் முழுக்கப் பூசினார். பக்திக்காக இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்தோம். வெள்ளைப் பூச்சில் கைப்பிடியின் மேல் விளிம்பில் சாம்பல் நிறமாக ஈரம் பிறை மாதிரி எழும்பியது. டேங்கோடு சேருகிற இடத்தில் இன்னொரு மெல்லிய கோடு. கார்புரேட்டருக்குப் போகிற டியூபின் முனை மட்டும் காய்ந்தே இருந்தது. "ரெண்டு எடம்" என்றார். 850 ரூபாய்க்காரர் பார்க்காததை இவர் ஒரு சிட்டிகை திருநீற்றில் பார்த்துவிட்டார்.

டியூபைக் கழற்றி, பெட்ரோலை முழுக்க ஒரு கேனில் இறக்கினோம். டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தில் இரண்டு ஸ்டார் ஸ்குரு. இறுகிப்போயிருந்தது. ஸ்குரு டிரைவரை வைத்துச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டியதும் கழன்றது. உள்ளே கைப்பிடி, அப்பளம் மாதிரி நெளிந்த ஒரு மெல்லிய தகட்டு வாஷர், அதற்கடியில் நாலு ஓட்டை ரப்பர். ரப்பரின் ஒரு முகம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, ஓட்டையின் ஓரத்தில் கீறியிருந்தது. நான் நாமக்கல்லில் நறுக்கென்று திருப்பியபோது விழுந்த கீறல் அது. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பருக்கு ஆகாது.

புது ரப்பர் அவரிடம் இல்லை. இருந்ததையே பிரட்டிப் போட்டார். அடி முகம் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. நெளிந்த வாஷர் தட்டையாகிப் போயிருந்தது, அதைக் கொறடால் பிடித்துக் கொஞ்சம் கூடுதலாக நெளித்தார். அதுதான் கைப்பிடியை ரப்பரோடு அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங். கைப்பிடியின் உலோக முகத்தில் இருந்த கோடுகளை, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, எட்டு போடுகிற மாதிரி தேய்த்தார். டேங்க் பக்கத்துக்கு மருந்து ஸ்பிரேயரின் ரப்பர் வளையம், ஓ-ரிங், ஒன்று அளவாகக் கிடைத்தது. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். "ஊறி உப்பிக்கும். நாளைக்கு டேப்பே திரும்பாது" என்றார். குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் நாடா? பெட்ரோல் அதை ஒன்றும் செய்யாதாம், ஆனால் பிசிறு பிய்ந்து கார்புரேட்டர் ஜெட்டில், அதன் சின்னத் துளையில், போய் உட்காருமாம். நான் யோசித்து வைத்திருந்த எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வரியில் பதில் இருந்தது.

மாட்டி, பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றி, கீழே செய்தித்தாளை விரித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். தாளில் ஒரு பொட்டு இல்லை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினானாம் ஓரி. அந்த மலையில் இன்னும் அந்தக் கை இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

"எவ்வளவுங்க ஐயா?" "ஓ-ரிங்குக்கு 10, கைக்கூலி 40." ஐம்பது ரூபாய்! நூறாகக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், அதுவும் எனக்குப் பிடித்தது. "இது ஊரு போய்ச் சேரத்தான். போனதும் வாஷர் கிட்டு வாங்கிப் போட்டுருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆகாய கங்கை அருவியா? மறுநாள் காலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் பார்த்தேன். அருமை. ஏறும்போது முட்டி போய்விட்டது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போனேன். இவ்வளவுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் பாதி நேரம் மனசு வண்டி நிறுத்திய இடத்திலேயே இருந்தது.

மொத்தச் செலவு 1,380. எம்-சீல் 20 ரூபாய் தண்டம். இன்று கடையில் வாஷர் கிட் விசாரித்தேன், 45 ரூபாய் சொன்னார்கள். வாங்கிவிட்டேன், இன்னும் போடவில்லை. பெரியவர் வேலை நிற்கும்போது எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நேற்று ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. நெஞ்சு திக்கென்றது. குனிந்து முகர்ந்தேன். பெட்ரோல் இல்லை, என்ஜின் ஆயில்.