குடல் அசைவு லேபில் சேருமுன் அங்கே இருக்கும் ஆட்களைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடல் அசைவு ஆராய்ச்சியில் நான் முதுகலை முடித்த பிறகு, திருநெல்வேலிப் பக்கமிருந்தும் இங்கே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம், எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாம்? பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலை யாரும் தேடி எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரைகளுக்கான அளவுகளை எடுத்தவர் யார், அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள் என்பேன் நான். பணம் இருந்தால் கருவி வந்துவிடும். அதில் வரும் கோடுகளை வாசிக்கத் தெரிந்த ஆள் உருவாகப் பல வருடம் பிடிக்கும்.

செரிமானம் என்றால் பள்ளியில் அமிலம், நொதி என்று படித்திருப்போம். இங்கே அவை ஓரமாகத்தான் வரும். உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை தசை எப்படிச் சுருங்குகிறது, எது அதை ஓட்டுகிறது என்பதுதான் பாடம். மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 முறை, முன்சிறுகுடலில் 11, 12 முறை மெதுவான மின் அலை எழும். அந்தத் தாளத்தைப் போடுபவை குடல் சுவருக்குள் இருக்கும் கஹால் செல்கள். இதை ஆராயும் லேபில் இரண்டு பக்கம் இருக்கும்: நோயாளி வந்து படுக்கும் அறை ஒன்று, திசுத் துண்டு தொங்கும் அறை இன்னொன்று. சில இடங்களில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். எது என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோயாளி அறையில் நீங்கள் முதலில் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஆள் டெக்னாலஜிஸ்ட். எங்கள் லேபில் அது சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் நன்றாகத் தெரியும், மற்றதெல்லாம் ஆங்கிலம். மூக்கு வழியாக மனோமெட்ரி குழாயை, அதாவது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் குழாயை, இறக்கும்போது நோயாளிக்குக் குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். அக்கா குனிந்து, முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு தள்ளு என்று இறக்கிவிடுவார். பதிவு பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. நாம் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள். ஆனால் பார்ப்பதற்கே அவ்வளவு இருக்கிறது.

குழாயில் 1 செ.மீ. இடைவெளியில் 36 உணரிகள். திரையில் அழுத்தம் நிறங்களாக விரியும். உணவுக்குழாய் அசைவுக் கோளாறுகளை வகை பிரிக்கும் சிகாகோ வகைப்பாட்டின் 2021-இல் வெளியான நான்காம் பதிப்புப்படி, படுத்த நிலையில் 5 மி.லி. தண்ணீரை 10 முறை விழுங்க வேண்டும். அப்புறம் உட்கார வைத்துச் சில விழுங்கல்கள், அடுத்தடுத்து வேகமாக விழுங்கும் சோதனை, 200 மி.லி. தண்ணீரை மடமடவென்று குடிக்கும் சோதனை. புத்தகத்தில் இதெல்லாம் ஒரு பக்கம்தான். எது உண்மையான விழுங்கல், எது இருமல், எங்கே நோயாளி எச்சிலையும் சேர்த்து இரண்டாவது முறை விழுங்கிவிட்டார் என்று பிரிப்பதைப் புத்தகம் கற்றுத்தராது. அக்கா திரையைப் பார்ப்பதைவிட நோயாளியின் தொண்டையைத்தான் அதிகம் பார்ப்பார். தொண்டை அசைந்த கணத்தில் குறிப்பை அழுத்துவார். பிறகு கணினியில் உட்கார்ந்து வாசிக்கும் எனக்கு அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று. உணவுக்குழாயின் அடி வளையம் தளரும்போது மிஞ்சும் அழுத்தத்துக்கான உச்ச வரம்பு 15 மி.மீ. பாதரசம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது ஒரு நிறுவனத்தின் குழாய்க்கு மட்டும். வேறு குழாய்களுக்கு 22 என்று அதே வகைப்பாடு சொல்கிறது. எண்ணைச் சொல்லும்போது கருவியையும் சேர்த்துச் சொன்னால், இவர் லேபில் நின்றவர் என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது சிஸ்டர். இங்கே செவிலியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆய்வுக்கு ஆள் சேர்த்தது, ஒப்புதல் படிவத்தை விளக்கியது, தேதி குறித்தது எல்லாம் ஒரு ஜூலு சிஸ்டர். படிவம் ஆங்கிலத்திலும் இசிஜூலுவிலும் இருக்கும். தமிழ் வீட்டுப் பெரியவர்கள் வந்தால் ஆங்கிலத்தில்தான் பேச்சு, இடையில் என்னையும் கூப்பிட்டுக்கொள்வார். "பிள்ளை, ஆயாகிட்ட சொல்லு, எந்த நேரமும் வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து போகலாம், அதுக்காக அவங்க கிளினிக் டர்ன் போகாது" என்று ஆங்கிலத்தில் சொல்லி, என்னைத் தமிழில் சொல்ல வைப்பார். ஆயாவுக்கு நான் சொன்ன தமிழ் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் சிஸ்டர் அவசரப்படாதது புரிந்தது.

ஆரோக்கியமான தன்னார்வலர்களைச் சேர்ப்பதில்தான் எங்கள் ஊர் நாள்காட்டி குறுக்கே வந்தது. இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்க ஒரு நிலையான சாப்பாடு உண்டு. 2008-இல் அமெரிக்க நரம்பு-இரைப்பைக் குடலியல் சங்கமும் அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து பரிந்துரைத்தது: இரண்டு பெரிய முட்டைக்குச் சமமான வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், தண்ணீர், மொத்தம் சுமார் 255 கலோரி. வெள்ளைக்கருவில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்து சமைப்பார்கள். சாப்பிட்டவுடன், 1, 2, 4 மணி நேரத்தில் படம். 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் நின்றால் தாமதம்.

இப்போது டர்பனில் புரட்டாசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த மாதம் முழுக்க இறைச்சி, மீன், முட்டை தொடாது. தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களும் அப்படித்தான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை தமிழ் வீடுகளிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்பதை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே சிஸ்டர் பேராசிரியரிடம் சொல்லி, அட்டவணையை மாற்ற வைத்தார். முட்டைக்குப் பதில் இட்லியில் கலக்கலாமே என்று நான் கேட்டேன். அணு மருத்துவ ரேடியோகிராஃபர் காரணம் சொன்னார்: சூட்டில் வெள்ளைக்கரு இறுகும்போது கதிரியக்கப் பொருள் அதற்குள் பிடித்துக்கொள்ளும். வேறு உணவின் மேல் ஊற்றினால் அது கழன்று தண்ணீரோடு ஓடிவிடும். திடச் சாப்பாடு வெளியேறுகிறது என்று நினைத்து நாம் தண்ணீரை அளந்துகொண்டிருப்போம். போதாக்குறைக்கு, இயல்பு வரம்புகளெல்லாம் அந்தச் சாப்பாட்டுக்கே எடுக்கப்பட்டவை. நீரிழிவு அதிகமுள்ள ஊர் என்பதால் இன்னொன்றும் அவர்தான் கற்றுத்தந்தார். அன்று காலை சர்க்கரை 15-க்கு மேல் இருந்தால் (இங்கே மில்லிமோல் கணக்கு, நம் ஊர்க் கணக்கில் சுமார் 270) சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும். உயர்ந்த சர்க்கரையே இரைப்பையை மெதுவாக்கிவிடும்.

திசு அறைக்கு வருவோம். அங்கே எல்லாம் லேப் மேனேஜர் கையில்தான். நாங்கள் அண்ணன் என்போம். கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டை திசுவை உயிரோடு வைத்திருக்கும் 37 டிகிரி கிரெப்ஸ் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கரியமில வாயுவும் கலந்த வாயுவைக் குமிழ விட்டு, சுருக்கத்தை அளப்பது இந்த அறையின் அன்றாடம். கரைசல் செய்யும்போது வாயுவைக் குமிழவிட்ட பிறகே கடைசியாகக் கால்சியத்தை ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் வெண்மையாகப் படிந்துவிடும், உங்கள் திசுவுக்குக் கால்சியம் கிடைக்காது, தசை சுருங்காது, நீங்கள் மருந்தைச் சந்தேகப்படுவீர்கள். இப்படிப்பட்ட சமாச்சாரங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் வராது, அண்ணனின் கையெழுத்து நோட்டில் இருக்கும். சேர்ந்த வாரமே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, விலங்குக் கூடத்துக்குச் சொல்லி அனுப்புமுன் அண்ணன் போனில் மின்வெட்டு அட்டவணையைப் பார்ப்பார். நடுவில் வெந்நீர்த் தொட்டி ஆறிப்போனால் ஒரு உயிர் வீண். விலங்குக் கூட ஊழியர்களிடம் மரியாதையாக இருங்கள். எந்த விலங்கு நேற்று சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிடாத விலங்கின் குடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தென்னாப்பிரிக்காவில் ஆராய்ச்சிக்காக விலங்கின் மேல் கை வைக்க, நெறிமுறைக் குழுவின் அனுமதி மட்டும் போதாது. செய்பவருக்குக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அனுமதியும் வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். இளங்கலைக்கு அடுத்து வரும் ஹானர்ஸ் ஒரு வருடப் படிப்புதான். எனவே விலங்கு வேலை உள்ள தலைப்பு என்றால், யாருடைய அனுமதியின் கீழ், எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்று முன்பே கேளுங்கள்.

புள்ளியியலாளரைப் பலர் கடைசி மாதத்தில்தான் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு விலங்கிலிருந்து நாலு துண்டு எடுத்தால் அது நாலு மாதிரி அல்ல, ஒன்று. ஒரு நோயாளியின் 10 விழுங்கலும் அப்படியே. முதல் மாதத்திலேயே இதை அவர் வாயால் கேட்டால் திட்டமே மாறும். பொறியாளர் இருக்கும் லேப் என்றால் யோகம். வயிற்றின் மேல் மின்முனை ஒட்டி இரைப்பை அலையைப் பதிவு செய்யும் யோசனை 1922-லேயே ஆல்வரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டது. ஆனால் மூச்சும், இதயத் துடிப்பும், நோயாளி புரண்டு படுப்பதும் அதற்குள் கலந்து வரும். அதைப் பிரித்தெடுப்பது பொறியாளர் வேலை.

பேராசிரியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவராக இருந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் உங்களிடம் கேள்வி கேட்பார்.

நேர்காணலிலும் வாய்மொழித் தேர்விலும் என்ன கேட்பார்கள் என்றால், பெரும்பாலும் எளிமையாகத் தொடங்குவார்கள். பசித்த வயிறு ஏன் கடகடவென்கிறது? வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை அலைச்சுழற்சி ஒன்று இரைப்பையிலிருந்து சிறுகுடல் வழியாக இறங்கும், அதில் மூன்றாம் கட்டம் பலமான சுருக்கங்கள், மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும் என்று சொல்லலாம். சாப்பிட்டதும் அது நின்றுபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எரித்ரோமைசின் மாத்திரை ஏன் வயிற்றைப் பிசைகிறது? குடலை அசைய வைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனின் ஏற்பிகளில் அது போய் வேலை செய்வதால். சரி, அப்படியானால் எலியில் மோட்டிலினை ஆராயலாமா? எலிக்கும் சுண்டெலிக்கும் செயல்படும் மோட்டிலின் மரபணுவே இல்லை. எந்த விலங்கில் எதைக் கேட்கலாம் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்நோக்கம்.

மூளையிலிருந்து குடலுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டினால் குடல் நின்றுவிடுமா என்பதும் அடிக்கடி வரும். 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். அப்போதும் உள்ளே எதையாவது வைத்தால் அதற்கு மேலே சுருங்கி, கீழே தளர்ந்தது. குடலின் சுவருக்குள்ளேயே தனி நரம்பு வலை இருக்கிறது. இந்தப் பதிலை வாயால் மட்டும் சொல்லாமல் காகிதத்தில் படம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். பதிவுத்தாள் ஒன்றை நீட்டி இது என்ன என்று கேட்கும் தேர்வாளர்களுக்கு, அச்சுகளில் என்ன அலகு என்று முதலில் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர்கள் சாக்கா என்ற தேசியத் தகுதி ஆணையத்தின் மதிப்பீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே மூன்று வருட இளங்கலைக்குப் பிறகு ஹானர்ஸ், அதன் பிறகுதான் முதுகலை. நம் ஊர் மூன்று வருடப் பட்டத்தோடு நேரே முதுகலை கேட்பவர்கள் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்.

மின்னஞ்சலில் பேராசிரியருக்கு எழுதும்போதே, லேப் கூட்டம் என்றைக்கு, ஒருமுறை வந்து பின்னால் உட்காரலாமா என்று கேளுங்கள். தொலைவில் இருந்தால் ஜூமில். அங்கே டெக்னாலஜிஸ்ட்டும் சிஸ்டரும் வாய் திறந்து பேசுகிறார்களா, பேசினால் பேராசிரியர் எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள். அவர்கள் அந்தக் கூட்டத்துக்கே அழைக்கப்படுவதில்லை என்றால் நான் அடுத்த லேபுக்கு எழுதுவேன்.