கை எண்ணிக்கை

“தலைமடைக்காரவுக கை எத்தனை, கடைமடைக் கை எத்தனைன்னு நீங்க எண்ணுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் சார்” என்றார், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அந்த நீர்க்கட்டி. “அதுதான் பெரியவரே ஜனநாயகம்” என்று நான் சொன்னேன். ஒன்பது ஆண்டுகளாகியும் அந்தப் பதில் என்னை விட்டு அகலவில்லை.

மார்கழிக் கடைசியில் கண்மாயில் கால்வாசித் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. மடைப் படியில் நான்காவது கல் வெளியே தெரிந்துவிட்டால் வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடையிலிருந்து தொடங்கி முறை வைத்துப் பாய்ச்சுவது அந்த ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைத் தொடரலாமா, மடையைத் திறந்தபடியே விட்டு அவரவர் வாய்க்காலில் வருவதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சங்கக் கூட்டம் நடந்த சாவடியில் கை தூக்கச் சொன்ன பணியாளன் நான். 41 கைகள் திறந்துவிடச் சொல்லின. முறை கேட்டவை 17. தை பிறந்து பத்து நாளுக்குள் கடைமடையில் பால் பிடிக்க வேண்டிய கதிர் பதராகிப் போனது.

நான் தவறு செய்யவில்லை என்று எனக்கே பலமுறை வாதாடியிருக்கிறேன். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைவது; பாசன நிலப்பரப்பான ஆயக்கட்டைத் தொகுதிகளாகப் பிரித்து, ரகசிய வாக்கெடுப்பில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. முறை என்ற பழைய வழக்கத்தையும் யாரும் எல்லோரையும் கேட்டு வகுத்துவிடவில்லை. நான்கைந்து குடும்பங்கள் பேசி முடித்ததைத்தான் ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. கணவரை இழந்த ஒரு பெண் தன் பெயரில் உள்ள பட்டாவைக் காட்டி, முதன்முறையாக அந்தச் சாவடிக்குள் உட்கார்ந்து கை தூக்கியது அன்றுதான். அதை நான் எப்படித் தவறென்பேன்?

ஆனால் அந்தப் பெண் தூக்கியது முறைக்கான கை; தோற்றது அந்தக் கைதான். நீர்க்கட்டிக்கோ தூக்குவதற்குக் கையே இல்லை. ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று களத்தில் நெல் வாங்கிக்கொண்டு, எந்த வயல் எந்த நாளில் காயும் என்பதை வரப்பில் காலை வைத்தே அறிந்திருந்த அவருக்குப் பட்டா நிலம் கிடையாது; பட்டாவைப் பார்த்து நாங்கள் எழுதிய பட்டியலில் அவர் பெயர் வர வழியில்லை. மடைச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தம் சாதிக்கு ஒதுக்கப்பட்ட இடமான சாவடிப் படிக்குக் கீழே நின்றபடிதான் அவர் என்னிடம் பேசினார். மேலே வாருங்கள் என்று நானும் கூப்பிடவில்லை.

பயிற்சி வகுப்புகளில் உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி நான் பெருமையோடு பேசுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் உண்டு, பெயர் எழுதிய ஓலையும் உண்டு. கால் வேலிக்கு மேல் இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், உடையவனே தகுதியுள்ளவன் என்ற வரியும் உண்டு. அந்த வரியை நான் வேகமாகக் கடந்துவிடுவேன்.

பங்கீட்டு முறையை விதைப்புக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், தண்ணீர் குறைந்த பிறகு வாக்குக்கு விட்டது பிழை என்று இப்போது சக பணியாளர்களிடம் சொல்கிறேன். ஆனால் தன் வயல் தலைமடையா கடைமடையா என்பது ஆடியிலேயே எவருக்கும் தெரியும் என்பதால், இதுவும் முழு விடையாகத் தோன்றவில்லை. அடுத்த ஊரிலும் கை எண்ணித்தான் முடிவெடுத்தோம். வேறு வழியை நான் கற்றிருக்கவில்லை.

அன்றைய தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இரண்டு எண்களும் தேதியும் இருக்கின்றன. நீர்க்கட்டி சொன்னதை நான் எழுதவில்லை. மறுநாள் விடியற்காலையில், தீர்மானத்தின்படி, மடையை முழுவதுமாகத் திறந்துவிட்டவர் அவர்தான்.