மீத்தேன் வேண்டாம் என்றால் கரண்ட் எப்படி வரும்?

டெல்டாக்காரர்களிடம் இப்படிக் கேட்கும் நண்பர்களுக்கு: சாண எரிவாயுவில் இருப்பதும் பெரும்பாலும் மீத்தேன்தான், அதை இங்கே யாரும் எதிர்க்கவில்லை. மன்னார்குடிப் பக்கம் நிலத்தடி நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்கக் கொண்டுவந்த திட்டத்தில் பயம் வேறாக இருந்தது. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு பிரிய, முதலில் அங்குள்ள தண்ணீரை இறைத்து வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருஷம் குறுவையைக் காப்பாற்றுவதே போர்வெல் தண்ணீர்தான். அதில் கைவைத்தால் எப்படிச் சும்மா இருப்பார்கள்?

டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஏற்கெனவே ஓடும் எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை, அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

சரி, மாற்று? எங்கள் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அப்புறம் பள்ளிக்கூட மாடி, நெல் குடோன் கூரை எல்லாம் வெயிலில் காலியாகத்தான் கிடக்கின்றன. அங்கே சோலார் போடுங்கள். நஞ்சையில் மட்டும் வேண்டாம்.