வெல்லஸ்லி வீதியில் ஓர் அறை வீடு

2022 புரட்டாதியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு ஸ்காபரோவில் உறவினர் ஒருவரின் பேஸ்மென்ட்தான் முதல் புகலிடம். கையை உயர்த்தினால் கூரை முட்டும். இருந்த ஒரே யன்னலும் முதற் பனி விழுந்த அன்றே மூடுண்டு போனது. மகளுக்கு இருமல் விடாமல் தொடர்ந்தபோது, தரைக்கு மேலே ஒரு வீடு எடுத்தேயாக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

தேடிப்போனது ரொறன்ரோ நகரின் நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் டவுன் என்ற குடியிருப்புப் பகுதிக்கு. வெல்லஸ்லி, பார்லிமென்ட் வீதிகளை ஒட்டி நெருங்கி நிற்கும் அந்தப் 19 அடுக்குமாடிக் கட்டடங்களில்தான், எண்பதுகளில் இலங்கைப் போருக்குத் தப்பி வந்த எம்மவர் பலர் தங்கள் முதல் வாடகையைக் கட்டினார்கள். சப்வே நடைதூரத்தில் இருப்பதால் காரில்லாமலும் வேலைக்குப் போய்வரலாம் என்பதே எங்களை அங்கே இழுத்தது.

முதலில் பார்த்த கட்டடத்தில், கனடாவில் எங்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்று காரணம் சொல்லி, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார்கள். ஊரில் வீடெடுக்கும்போது முற்பணம் கொடுத்துப் பழகிய எங்களுக்கு அது தவறாகவே தோன்றவில்லை. கணவர் நகையை அடகு வைப்பதைப் பற்றிக்கூட யோசித்தார். லிப்டில் சந்தித்த வயதான அக்கா ஒருவர்தான், "தங்கச்சி, கடைசி மாத வாடகைக்கு மேல ஒரு சதமும் கேக்க ஏலாது, எழுத்தில தரச் சொல்லுங்கோ" என்று தடுத்தார். அவர் சொன்னது சரி. ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, வீட்டுக்காரர் வைப்பாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டுமே. அதுவும் குடியிருப்பின் கடைசி மாதத்துக்கே கழிக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அதற்கு வட்டியும் தரப்பட வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதை அறியாமல் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது கட்டடத்தில் கணவரின் சம்பளச் சிட்டைகளையும் வேலைக் கடிதத்தையும் காட்டி ஓர் அறை வீட்டைப் பெற்றோம். கையொப்பமிடுமுன் சமையலறைத் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, கீல்களின் ஓரத்தில் கரப்பான் எச்சம் மிளகுத் தூள்போல் படிந்திருந்தது. மருந்தடித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம்.

அதே தளத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கும் குடும்பம் எங்களைவிட மிகக் குறைந்த வாடகையே கட்டுகிறது. இருப்பவருக்குப் பொதுவாக ஆண்டுதோறும் அரசு குறிக்கும் வீதத்துக்குள்தான், 2023இல் அது 2.5 சதவீதம், வாடகையை உயர்த்தலாம். வீடு காலியானால் புதியவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பும் இல்லை. ஆகவே புதுக் கட்டடத்தின் பளபளப்பைவிடப் பழைய கட்டடமே எங்களைப் போன்றோருக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அரசு மானியத்துடன் வருமானத்துக்கேற்ற வாடகைக்குத் தரப்படும் வீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மாதம் 2,400 டாலர் உழைக்கும் குடும்பம் அங்கே ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது 720 டாலர், கட்டினால் போதும். ஆனால் காத்திருப்பு பத்தாண்டையும் தாண்டக்கூடும். வரிசையில் பெரும்பாலும் விண்ணப்பத் திகதியே கணக்கு என்பதை அறியாமல் எட்டு மாதங்களை இழந்தோம். இப்போது விமான நிலையத்திலிருந்து வரும் எந்த உறவினரிடமும், குளிரங்கி வாங்கப் போகுமுன் அந்த விண்ணப்பத்தை நிரப்பச் சொல்கிறேன். எங்கள் விண்ணப்பத்தை இவ்வாண்டும் புதுப்பித்துவிட்டேன். அழைப்பு இன்னும் வரவில்லை.