தோளில் போன தளபதி

பேருந்தில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் விரல் நின்றுவிட்டது.

நாற்காலியில் ஒருவர். நீளக் கோட்டு, தலைப்பாகை, ஒட்டிப்போன கன்னம். தோள் கொடுத்துத் தூக்கிப் போகிறார்கள்.

இந்தோனேசியத் தளபதி சுதிர்மான். பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

1948இல் காசநோயால் ஒரு நுரையீரல் செயலிழந்தது. அந்த டிசம்பர் 19 அன்று டச்சுப் படை அப்போதைய தலைநகரான யோக்யகர்த்தாவுக்குள் நுழைந்தது. தங்கிச் சிகிச்சை எடுக்க அதிபர் சுகர்னோ சொல்லியும் சுதிர்மான் கேட்கவில்லை. கெரில்லாப் போருக்குக் கிளம்பிவிட்டார். ஏழு மாதங்கள் போல ஜாவாவின் மலைகளிலும் காடுகளிலும் அலைச்சல்.

1949 டிசம்பர் 27 அன்று டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1950 ஜனவரி 29 அன்று சுதிர்மான் இறந்துவிட்டார். வயது 34தான்.

மூச்சுவிடவே திணறியவரை நம்பி அத்தனை பேர் மலையேறியிருக்கிறார்கள். தூக்கிச் சுமந்த அவர்களுக்கும் சிலை வைக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.