வருகைப் பதிவேடு இல்லாத வகுப்பு

“கப்பல்ல போய்ப் பேசினா எவ்வளவு சார் குடுப்பாங்க?” உல்லாசப் பயணக் கப்பலில் சொற்பொழிவாற்றிவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து இதைக் கேட்காத ஆளில்லை. பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். அவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆகவே முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கப்பலில் நடக்கிற ஆட்டம் பாட்டம் எல்லாம் இலவசம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகவும், மும்பையிலிருந்து திரும்பவும் டிக்கெட் என் செலவு. விசா, இன்சூரன்ஸ், வைஃபை, ஊழியர்களுக்கான டிப்ஸ் என் செலவு. போதாததற்கு, என்னைக் கப்பல் கம்பெனியில் சேர்த்துவிட்ட ஏஜென்சிக்கு நாளுக்கு இவ்வளவு டாலர் என்று கட்டணம் வேறு. 12 இரவுக்கு அது மட்டும் 700 டாலரைத் தாண்டியது. அதே அறையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தச் செலவும் இல்லையே என்று என் தம்பி சொன்னான். அதுவும் சரிதான்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். கப்பலில் அதிகாரியாக வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடுகிற நாளை ‘சீ டே’ என்பார்கள். அன்றைக்கு ஜனங்களுக்குப் பொழுது போகாது. பிங்கோ, வினாடி வினா, நடன வகுப்பு, துண்டை மடித்து யானை செய்வது என்று நாள் முழுக்க ஏதாவது நடத்துவார்கள். அதோடு, காலையிலோ மத்தியானத்திலோ தியேட்டரில் 45 நிமிடம் ஒரு சொற்பொழிவும் இருக்கும். அதற்கு வருகிறவருக்கு ‘என்ரிச்மென்ட் ஸ்பீக்கர்’ என்று பெயர். போகிற ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர் ஒரு வகை. வானியல், இசை, உளவுத்துறைக் கதைகள் என்று தன் சொந்தத் துறையைப் பேசுகிறவர் இன்னொரு வகை. “நீங்க பேசினா கேப்பாங்க சார்,” என்றான். என் வகுப்பில் அவன் கடைசி பெஞ்சில் தூங்கியவன் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

நேரடியாகக் கம்பெனிக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதிலே இல்லை. பிறகு ஏஜென்சி ஒன்றுக்கு எழுதினேன். அவர்கள் கேட்டவை: ஒரு பக்கத் தன்விவரம், ஆறு தலைப்பு, தலைப்புக்கு ஐந்தாறு வரி அறிமுகம், கேட்பவர்கள் முன்னால் பேசுகிற பத்து நிமிட வீடியோ. வீடியோவை மகள் வீட்டு ஹாலில் எடுத்தாள். நான் ராஜேந்திர சோழனின் கடற்படையைக் கடலில் இறக்குகிற நேரத்தில் பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. அதையே அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. விசிலுக்காக இல்லை, எதிரே ஆட்கள் இல்லாததற்காக. அப்புறம் ஊர் அரிமா சங்கக் கூட்டத்தில், ஆங்கிலத்தில், இருபது பேர் முன்னால் பேசி எடுத்து அனுப்பினேன்.

தலைப்புகளில்தான் உண்மையான அடி விழுந்தது. நான் அனுப்பியதில் ஒன்று, தமிழில் சொன்னால், ‘இடைக்காலத் தென்னிந்தியாவின் கடல்வழி வணிகம்: கல்வெட்டுச் சான்றுகளின் அடிப்படையில் ஓர் ஆய்வு’. ஏஜென்சிப் பெண்மணி தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார்: “விடுமுறைக்கு வந்தவர் நீச்சல் குளத்தை விட்டு எழுந்து இதற்கு வருவாரா?” எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அதையே ‘சாக்கடையை மூடிய கல்’ என்று மாற்றி அனுப்பினேன். அதற்கு உடனே சரி என்றார்கள். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி, மும்பை என்கிற வழித்தடம் கிடைக்க அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஆயிற்று. பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, கப்பலில் ஏறுவது வேறு.

ஒப்பந்தத்தோடு ஒரு விதிமுறைத் தாளும் வந்தது. அரசியல் பேசக் கூடாது. மதத்தைத் தூக்கியோ தாழ்த்தியோ பேசக் கூடாது. சொந்தப் புத்தகம் விற்கக் கூடாது. சூதாட்ட அறைப் பக்கம் போகக் கூடாது. நிகழ்ச்சிகளில் காசு கொடுத்த பயணிகள் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் உட்கார வேண்டும். எங்கே போனாலும் சட்டையில் பெயர்ப் பட்டை. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்க வந்த வீட்ல உக்கார்ற மாதிரி உக்காரணும், அவ்வளவுதானே?” என்றாள். ஏறக்குறைய அதுதான்.

முதல் சொற்பொழிவு, மலாக்கா நீரிணையில். 800 பேர் உட்காரும் தியேட்டரில் எண்ணிப் பார்த்தால் 40 பேர் இருந்திருப்பார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்கிற பௌத்த மடம்தான் விஷயம். சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் கட்டியது, முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரையே விட்டுக்கொடுத்தது, மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் 1025இல் கப்பற்படை அனுப்பியது. எனக்கு மனப்பாடம். இருபது வருடம் நடத்திய பாடம்.

இரண்டாவது ஸ்லைடிலேயே சறுக்கியது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியிலிருந்து, அதாவது கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதியிலிருந்து, ஒரு வரியைப் பெரிதாகப் போட்டிருந்தேன். வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்தது. கப்பல் கணினியில் பாமினி ஏது? திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. முன்வரிசையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இதுவா தமிழ்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அடுத்ததற்குத் தாவினேன். அதற்குள் பெயர்கள் குவிந்துவிட்டன. அந்த வர்மன், இந்த வர்மன், முதலாம் இன்னார், இரண்டாம் இன்னார். பதினொரு மணிக்குப் பிங்கோ. பத்தே முக்காலுக்கு மூன்று பேர் எழுந்து போனார்கள், பின்னாலேயே ஆறு பேர்.

கல்லூரியில் யாரும் அப்படி எழுந்து போனதில்லை. போக முடியாது, அட்டெண்டன்ஸ் என் கையில் இருந்தது. முப்பது வருடமாக நான் நன்றாகப் பேசுகிறேன் என்று நினைத்திருந்ததில் அந்தப் பதிவேட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

சாயந்திரம் அறைத் தொலைக்காட்சியில் என் பேச்சையே மறுபடி போட்டார்கள். நல்லதைப் பதிவு செய்தால் கெட்டதையும் பதிவு செய்வார்களே. ‘ஆக்சுவலி’ என்று நான் சொன்னதை மனைவி விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொன்று. “பேர்லாம் எதுக்குங்க? எனக்கே சுத்துது. அந்த மணியச் சொல்லுங்க,” என்றாள்.

மணி என்றால் நியூசிலாந்துத் தமிழ் மணி. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வங்காரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அது பாத்திரம் இல்லை, கப்பல் மணியின் மேல்பாகம். அதில் ‘முகையதீன் வக்குசு’வின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. எப்படி அங்கே போனது என்பதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. என் பயணிகளில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள். இந்த மணி ஐந்தாம் பேச்சின் கடைசியில், ஒரு ஓரத்தில் கிடந்தது.

பினாங்கில் கப்பல் நின்ற பகல் முழுவதும் நாங்கள் ஊர் சுற்றவில்லை. வாடகைக் கார் பிடித்து கெடா மாநிலத்து மெர்போக் போனோம். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான். கடாரம் என்று நாம் பாடத்தில் படித்தது இந்த வட்டாரம். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தில் மனைவியை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். சாயந்திரம் கப்பல் கிளம்பியபோது வலப்பக்கம் ஜெராய் மலை தெரிந்தது. அக்காலத்து மாலுமிகளுக்குக் கரை அடையாளம் அந்த மலைதான். அதையும் எடுத்துக்கொண்டேன். இரவு உட்கார்ந்து பேச்சைப் பிரித்துப் போட்டேன். தமிழ் வரிகள் எல்லாவற்றையும் படமாக மாற்றி ஒட்டினேன். இனிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இதுதான்: எழுத்தை எழுத்தாகக் கொண்டுபோகாதீர்கள். பென்டிரைவில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. நடுக்கடலில் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

புக்கெட்டை விட்ட இரவு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொல்லி கட்டில்மேல் அறிவிப்புச் சீட்டு இருந்தது. என் கைக்கடிகாரத்தை நான் தள்ளிவைத்தேன். நான் தூங்கிய பிறகு, மறந்திருப்பேன் என்று மனைவியும் தள்ளிவைத்தாள். காலையில் நிதானமாக இட்லிக்குப் பதில் கிடைத்த எதையோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பணியாளர் மேசைகளைத் துடைத்துக்கொண்டே வருகிறார். மணி எட்டரைக்கே ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டேன். ஒன்பதரை சார் என்றார். பத்து மணிக்குப் பேச்சு. ஒன்பதே காலுக்கு ஒலி, ஒளி சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாடி இறங்கி ஓடினேன். மேடைத் தொழில்நுட்பம் பார்க்கிற பிலிப்பைன்ஸ் பையன் ஒன்றும் சொல்லாமல் மைக்கைச் சட்டையில் மாட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.

மணியில் ஆரம்பித்தேன். உருளைக்கிழங்குச் சட்டி என்றதும் சிரித்தார்கள். முகையதீனின் கப்பலிலிருந்து பின்னோக்கிப் போய், 1025க்கு வந்தேன். ராஜா பெயர் ஒன்றே ஒன்று. நேற்று முந்தாநாள் எடுத்த ஜெராய் மலை, கெடாவில் மனைவி நிற்கிற படம். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்ற வரியை இந்த முறை தமிழிலேயே, கொஞ்சம் இழுத்துப் படித்தேன். படையெடுப்புப் பட்டியலில் வரும் மாநக்கவாரம் என்பது இன்றைய நிகோபார். இந்த இடத்துக்காக முதல் நாளே அந்தப் பழைய மாணவனுக்குத் தெரிந்த ஒரு கப்பல் அதிகாரியிடம் கேட்டுவைத்திருந்தேன். “கிரேட் நிகோபார் தீவின் தெற்கே இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். தியேட்டருக்குச் சன்னல் இல்லை. வலப்பக்கத் தளத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்” என்று முடித்தேன்.

கேள்வி நேரத்துக்கு ஆளே இல்லை. எல்லோரும் மேலே போய்விட்டார்கள். நானும் போனேன். தடுப்புக் கம்பியில் நூறு பேராவது சாய்ந்திருந்தார்கள். வடக்கே தூரத்தில் நீலக் கோடு மாதிரி மலை. பின்னல் அம்மாள் பின்னலோடேயே வந்திருந்தார். கேள்வியை அங்கே கேட்டார்: “அப்பா விகாரத்துக்கு ஊரைக் கொடுக்கிறார், மகன் அதே ராஜ்ஜியத்தைக் கொள்ளையடிக்கிறார். நடுவில் என்ன நடந்தது?” சீனாவரை போகிற வணிக வழியில் சுங்கம் யார் கையில் என்ற போட்டி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, அறிஞர்களிடம் ஒரே கருத்து இல்லை என்றேன். “பணம்தானே? அப்படியென்றால் புரிகிறது,” என்று போய்விட்டார். எம்.ஏ. மாணவர்களுக்கு இதை நான் மூன்று வகுப்பு நடத்துவேன்.

மறுநாள்தான் அந்தச் சாக்கடைக் கல். 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு வடிகாலை மூடியிருந்த பலகைக் கல்லைப் புரட்டினால் மூன்று மொழி. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னவரைக் கோயில் நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 என்று காணிக்கைக் கணக்கும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று. மதத்தைப் பேசாதே என்று தாளில் கையெழுத்துப் போட்டவன் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கல் சொல்வதை மட்டும் சொன்னேன், யாரும் குறை சொல்லவில்லை. இருக்கைகளில் பாதி நிரம்பியிருந்தது.

அன்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து தளத்துக்குப் போனேன். இலங்கையின் தென்முனையில் தெவிநுவரைக் கலங்கரை விளக்கம் மின்னி மின்னி அணைந்தது. கல்லில் வரும் தென்னவரை அதுதான். அந்த நாயனார் கோயில் 1588இல் போர்த்துக்கீசியர் கையில் அழிந்தது. மனைவியை எழுப்பவில்லை, எழுப்பியிருக்கலாம்.

கொழும்பில் எனக்கு 14ஆம் எண் பேருந்துக்குத் துணையாள் வேலை. இடமிருந்தால் பேச்சாளருக்குச் சுற்றுலா இலவசம். பதிலுக்கு எண் எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும், கடைசியில் அறிக்கை எழுத வேண்டும். 38 பேர். தேசிய அருங்காட்சியகத்தில் வழிகாட்டி மற்ற கூடங்களுக்கு விரைந்தார், என் ஆட்கள் நேரே அந்தக் கல்லிடம் போய்விட்டார்கள். தமிழ்ப் பகுதி தேய்ந்துபோயிருக்கிறது. படியுங்கள் என்றார்கள். கண்ணுக்குப் பிடிபட்ட நாலைந்து சொல்லைப் படித்தேன். பேருந்தில் எண்ணினால் 36. மறுபடி எண்ணினாலும் 36. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கிழத் தம்பதி கல்லின் சீனப் பகுதியைச் சாவகாசமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயணம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பயணிகள் எழுதிய கருத்துகளை ஏஜென்சி அனுப்பியது. மதிப்பெண் மோசமில்லை. ‘முதல் உரையில் அரசர்கள் அதிகம்’ என்று ஒருவர். ‘மனைவி படம் அருமை’ என்று இருவர். சிட்னியிலிருந்து ஆக்லாந்து போகிற கப்பல் ஒன்றில் இடம் வரலாம், ஆறு தலைப்பு அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். என்னிடம் இப்போதைக்கு அந்த மணி மட்டும் இருக்கிறது. இன்னும் ஐந்து வேண்டும்.