எட்டு வகையும் ஒரு ‘மைசெல்ஃப்’பும்

அக்கா மகளுக்கு நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. பர்சனல், பொசசிவ், ரிஃப்ளெக்சிவ், டெமான்ஸ்ட்ரேடிவ், இன்டெராகேடிவ், ரிலேடிவ், இன்டெஃபினிட், ரெசிப்ரோகல் என்று ப்ரோநவுன் வகை எட்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டாள். நானும் ஒரு காலத்தில் இதே ராகத்தில் ஒப்பித்தவன்தான். ஒப்பித்து என்ன, முதல் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்ததுமே “மைசெல்ஃப் ஃப்ரம் திண்டுக்கல், சார்” என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது, அதனால் அது தப்பு என்பதே ரொம்ப நாள் தெரியாது. ரிஃப்ளெக்சிவ் தனியாக எழுவாயாக வந்து நிற்காது. ‘ஐ கட் மைசெல்ஃப்’ மாதிரி, வெட்டியதும் நான், வெட்டுப்பட்டதும் நான் என்றால்தான் அதற்கு வேலை. இல்லையென்றால் ‘நானே சமைத்தேன்’ என்று நாம் ஏகாரம் போட்டு அழுத்துகிற இடத்தில் ‘ஐ மைசெல்ஃப்’ என்று ஒட்டிக்கொண்டு வரும்.

நோட்டில் ‘ஹிஸ்செல்ஃப்’ என்று எழுதி சிவப்பு மையில் சுழி வாங்கியிருந்தாள். எனக்கென்னவோ அவள் கணக்கு சரியென்றுதான் படுகிறது. மை, யுவர், அவர் (our) எல்லாம் பொசசிவ், அதோடு செல்ஃப் சேர்த்தால் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், அவர்செல்வ்ஸ். அதே வழியில் போனால் ஹிஸ்செல்ஃப்தானே வரவேண்டும்? ஆனால் அங்கே மட்டும் ஹிம், தெம் என்று தடம் மாறி ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் ஆகிவிடுகிறது. ஹெர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் தப்பித்தது.

அப்புறம் இந்த ‘வீ’. ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் “வீ ஆர் கோயிங் ஃபார் லஞ்ச்” என்று ஒருவர் போடுகிறார், என்னையும் கூப்பிடுகிறாரா இல்லை அவர்கள் போவதைச் சும்மா சொல்கிறாரா? நாம் போகிறோம், நாங்கள் போகிறோம் என்று நமக்கு ஒரே சொல்லில் முடிந்துவிடும். ‘யூ’வும் அப்படித்தான், ஹெட்மாஸ்டருக்கும் யூ, நாய்க்குட்டிக்கும் யூ. ஒருமைக்கென்று ‘தௌ’ இருந்தது, 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம், இப்போது பேச்சு வழக்கில் அநேகமாக இல்லை.

ஆணா பெண்ணா தெரியாத ஒரே ஆளுக்கு ‘தே’ போடலாமா என்று கேட்டாள். ‘சம்படி லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா’ தாராளமாகச் சொல்லலாம். பன்மையாக இருந்த நம்முடைய ‘அவர்’ மரியாதைக்காக ஒற்றை ஆளுக்கு வந்து உட்காரவில்லையா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள் என்றேன்.

ரிலேடிவ் ப்ரோநவுனில்தான் நானே தடுமாறினேன். ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே’ என்பதை நாம் ‘நேற்று வந்த பையன்’ என்போம், அந்த ‘ஹூ’வின் வேலையை ‘வந்த’ என்ற பெயரெச்சமே பார்த்துக்கொள்கிறது, தனியாக ஒரு சொல் கிடையாது. இதை அவளிடம் சொல்லவில்லை. கோடிட்ட இடத்தில் ஹூவா, ஹூமா, விச்சா என்று நிரப்ப வேண்டிய பிள்ளையை இந்த ராத்திரியில் எதற்குக் குழப்புவது.